சந்தைக்குப் போகும் சாலை

குமரி எல்லையைத் தாண்டியதும் வரும் நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் செல்லும் தமிழர்கள் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்துவிட்டுப் போகும் ஊர். ஒரு ராஜ்யத்தின் பிறப்பிலிருந்து ஒரு மாநில எல்லையின் பிறப்பு வரை அங்கே நடந்தவை ஏராளம்.

களியக்காவிளை சந்தையில் நேந்திரங்குலைக்கு விலை பேசுபவர்களைக் கவனித்தால் ஒரு வேடிக்கை புரியும். கேள்வி தமிழில் வரும். பதில் மலையாளத்தில் போகும். பேரம் முடியும்போது யார் எந்த மொழியில் ஆரம்பித்தார் என்பது இருவருக்குமே நினைவிருக்காது. தமிழ்நாடு இங்கே முடிகிறது. சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். கடைப் பலகைகளில் எழுத்து உருண்டையாகிறது. டீக்கடையில் டீ 'சாயா' ஆகிறது. மற்றபடி தென்னை, வாழை, மரச்சீனி, சிவந்த மண் எல்லாம் அதேதான்.

எல்லையை அடுத்துப் பாறசாலை. அங்கிருந்து உள்ளே திரும்பினால் செங்கல். ஊரின் பெயரைக் கேட்கும் தமிழர் சூளையில் சுட்ட செங்கலை நினைத்துக்கொள்வார். மலையாளிக்கு அதே சொல், பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் செம்பாறைக் கல்லைக் குறிக்கும். இருவரும் வீடு கட்டுவது அந்தந்தக் கல்லால்தான். ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டுக்கும் ஒரே பயன். இந்த எல்லைப்புறத்தின் சுபாவத்தையே அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது.

இந்தக் கிராமங்களுக்கெல்லாம் தாலுகா தலைநகரம் நெய்யாற்றின்கரை. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர். பழைய எண் 47, இன்றைய எண் 66 கொண்ட தேசிய நெடுஞ்சாலை இதைத் தொட்டுச் செல்கிறது. அகத்தியமலையில் பிறந்து, 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறில் அரபிக்கடலைச் சேரும் நெய்யாறுதான் ஊருக்குப் பெயர் கொடுத்தது. மலையிலிருந்து மிளகும் மரமும், கடலிலிருந்து மீனும், தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்து நெல்லும் வந்து சேரும் இடத்தில் சந்தை உருவாவது இயற்கை. இங்கே நடந்த பெரிய காரியங்கள் பலவும் ஏதோ ஒருவிதத்தில் சந்தையையும் அதற்குப் போகும் சாலையையும் சுற்றியே நடந்தன என்பதுதான் விசேஷம்.

பலா மரத்தில் ஒளிந்த ராஜா

ஊரின் மையத்தில் ஸ்ரீகிருஷ்ண சுவாமி கோயில். இரண்டு கைகளிலும் வெண்ணெய் ஏந்தி மேற்கு நோக்கி நிற்கும் கண்ணன். நைவேத்தியமும் வெண்ணெய்தான். கேரளக் கோயில்களுக்கே உரிய ஓட்டுக் கூரை, விளக்கு மாடம், மேல்சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே நுழையும் ஆண்கள்.

கோயிலைவிடப் பயணிகள் அதிகம் விசாரிப்பது, வளாகத்தில் உள்ள ஒரு பலா மரத்தை. 'அம்மச்சிப் பிலாவு' என்று பெயர். திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்ட வர்மா (ஆட்சிக் காலம் 1729-1758), அரசுரிமைக்காக எட்டுவீட்டுப் பிள்ளைமாருடன் மோதிக்கொண்டிருந்த நாட்களில், துரத்தி வந்த எதிரிகளிடமிருந்து தப்ப இந்த மரத்தின் பொந்தில் ஒளிந்துகொண்டார் என்பது ஐதீகம். பொந்தைக் காட்டிக்கொடுத்த சிறுவன் கண்ணனே என்று பின்னாளில் நம்பிய ராஜா, நன்றிக்கடனாக இந்தக் கோயிலைக் கட்டினாராம். பொந்து விழுந்த அந்த அடிமரம் இன்றும் பாதுகாக்கப்பட்டுக் காட்டப்படுகிறது.

ஐதீகத்தில் எவ்வளவு சரித்திரம் என்பது ஆராய்ச்சியாளர்களின் வேலை. ஆனால் அந்தக் காலத்து அரசியலை மரம் சரியாகவே நினைவூட்டுகிறது. பத்மநாபபுரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையிலான இந்தப் பாதை யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நாடு. 1741இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்து, வடக்கே கொச்சியின் எல்லைவரை போன மார்த்தாண்ட வர்மா, ஆரம்பத்தில் இந்தப் பாதையில் உயிர்பிழைக்க ஓடியவர். 1891இல் வெளிவந்த சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா', மலையாளத்தின் முதல் சரித்திர நாவலாக அந்தக் காலத்தைப் படித்தவர் மனதில் நிலைநிறுத்தியது.

நாலு தெரு, ஒரு சந்தை

நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரம் சாலையில் சில கிலோமீட்டர் போனால் பாலராமபுரம். கேரளப் பெண்கள் ஓணத்துக்கு உடுத்தும் கசவுப் புடவை என்றாலே நினைவுக்கு வரும் ஊர். அதை நெய்யும் கைகள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது.

மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில் (1798-1810), வேலுத்தம்பிக்குப் பின் திவானான உம்மிணித்தம்பி இந்தச் சந்தை நகரத்தைத் திட்டமிட்டு உருவாக்கினார். மன்னரின் பெயரையே ஊருக்குச் சூட்டினார். தெற்கே தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து குடியேற்றினார். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று அவர்களுக்குத் தெருக்கள் ஒதுக்கப்பட்டன. கேரளத்தில் வீடுகள் தோட்டத்துக்கு நடுவே தனித்தனியாக நிற்கும். இங்கே மட்டும் வீடுகள் திண்ணையோடு திண்ணை ஒட்டி, தமிழ்நாட்டுத் தெருப் போலவே நீண்டு கிடக்கின்றன. அதற்குக் காரணம் தொழில். பாவை நீட்டி விரிக்க நேரான தெரு வேண்டும்.

அதிகாலையில் போனால் இந்தத் தெருக்களின் அழகைப் பார்க்கலாம். நீளமாக விரித்த பாவு நூலில் அரிசிக் கஞ்சி தடவி, தூரிகையால் நீவி, வெயில் ஏறுமுன் காயவைக்கிறார்கள். நூல் அறுந்தால் அங்கேயே முடிச்சு. பிறகு வீட்டுக்குள்ளே குழித்தறி. குழியில் கால் வைத்து மிதிக்க, கை நாடாவை எறிய, வெள்ளை நூலும் பொன்னிற ஜரிகையும் மெல்ல மெல்லத் துணியாகின்றன. உள்பக்கம் வெளிப்பக்கம் என்று வித்தியாசம் தெரியாத நெசவுதான் பாலராமபுரத்தின் முத்திரை. இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

உம்மிணித்தம்பியின் மனதில் இருந்தது வெறும் நெசவாளர் குடியிருப்பு அல்ல. அருகிலுள்ள விழிஞ்ஞத்தைத் துறைமுகமாக வளர்த்து, பாலராமபுரத்தை அதன் சந்தையாக்குவது அவரது எண்ணம். ஆய் மன்னர்கள் காலத்திலிருந்தே பெயர் பெற்ற துறைமுகம் அது. திவான் பதவி 1811இல் பறிபோக, கனவும் பாதியில் நின்றது. 2025 மே 2ஆம் தேதி, ராட்சதக் கண்டெய்னர் கப்பல்கள் வந்து நிற்கும் விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதை ரயில் பாதையோடு இணைக்கத் திட்டமிடப்பட்டிருக்கும் 10.7 கிலோமீட்டர் பாதை, பெரும்பகுதி சுரங்க வழியாக வந்து சேரும் இடம் பாலராமபுரம். இரு நூற்றாண்டு கழித்து, திவான் போட்ட கணக்குக்கு விடை எழுதப்படுகிறது.

சந்தைக்குள் யார் வரலாம்?

இந்தச் சந்தைகளின் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. எல்லோரும் வாங்கவும் விற்கவும் வரும் இடம் என்றுதான் சந்தையை நினைக்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் யார் எந்தச் சாலையில் நடக்கலாம், என்ன உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது.

கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் மார்பை மறைத்து மேலாடை அணிந்த நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். சந்தைக்கு வந்த இடத்திலேயே துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் விட்டுவிட்டு எரிந்த தோள்சீலைக் கலகம், சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் கொடுத்த நெருக்கடிக்குப் பின் 1859 ஜூலையில் வெளியான அரசாணையோடுதான் தணிந்தது. அந்த ஆணையும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்த அனுமதிக்கவில்லை. மேலே துணி போட்டுக்கொள்ளலாம் என்பதோடு நின்றது.

பாலராமபுரத்துக்கு மேற்கே வெங்ஙானூரில் 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. புலையர் பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த காலம். 1893இல் அவர் இரட்டை மாடு பூட்டிய வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகையும் மேல்துண்டுமாக அதில் ஏறி அமர்ந்து பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். தொடர்ந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு சந்தையை நோக்கி நடந்தபோது பாலராமபுரம் சாலியர் தெருவில் வழிமறிக்கப்பட்டார். அடிதடி நடந்தது, ரத்தம் சிந்தியது. செய்தி பரவி, பக்கத்து ஊர்களிலும் தாழ்த்தப்பட்ட மக்கள் சாலையில் இறங்கினார்கள். பின்னாளில் ஸ்ரீமூலம் பிரஜா சபை உறுப்பினராக அரசவையில் அமர்ந்த அய்யன்காளியை, 1937 ஜனவரியில் வெங்ஙானூருக்கே வந்து சந்தித்தார் காந்தி. இன்று அந்தச் சாலியர் தெருவில் புடவை வாங்க நடக்கிறவர் எவரையும் யாரும் என்ன சாதி என்று கேட்பதில்லை. அந்தச் சாதாரண நடைக்கு ஒரு காலத்தில் கொடுக்கப்பட்ட விலை அது.

ஆற்றிலிருந்து எடுத்த கல்

இதே மண்ணில், வண்டிச் சவாரிக்கு ஐந்து வருடம் முன்பு, சத்தமில்லாமல் இன்னொரு மீறல் நடந்திருந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஆறு பாறைகளுக்கிடையே சரிந்து விழும் இடம் அருவிப்புறம். 1888 சிவராத்திரி இரவில் நாராயண குரு ஆற்றில் மூழ்கி எடுத்த ஒரு கல்லைச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவ சமூகத்தில் பிறந்தவர் பிரதிஷ்டை செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு, தான் வைத்தது ஈழவச் சிவன் என்று அவர் சிரித்தபடி பதில் சொன்னதாகக் கூறுவார்கள். சாதிப் பிரிவும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் மாதிரி இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதிவைக்கப்பட்டது. அருவிப்புறம் கோயில் நிர்வாகத்துக்காகக் கூடிய சங்கமே 1903இல் எஸ்.என்.டி.பி. யோகமாக விரிந்தது.

குருவுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு நெருக்கமானது. யோகம் கற்றது தைக்காடு அய்யாவு என்ற தமிழரிடம். தவம் இருந்தது குமரி மாவட்டத்து மருத்துவாமலைக் குகையில். தமிழிலேயே தேவாரப் பதிகங்கள் பாடியிருக்கிறார். அருவிப்புறத்துக்கு இன்றும் சிவராத்திரியில்தான் கூட்டம். மற்ற நாட்களில் போனால் தண்ணீர் சத்தமும் பாறையும் மட்டும்தான் துணை.

நாடு கடத்தப்பட்ட ஆசிரியர்

நெய்யாற்றின்கரைக்காரர்களுக்கு அதிகாரத்தை எதிர்த்துப் பேசுவது பழக்கமான காரியம். 1878இல் இங்கே பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி' பத்திரிகையின் ஆசிரியர். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தை இதழுக்கு இதழ் கிழித்தார். 1910 செப்டம்பர் 26ஆம் தேதி போலீஸ் அச்சகத்தைப் பறிமுதல் செய்தது. ஆசிரியரை ராஜ்யத்தை விட்டே வெளியேற்றி, திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டது. முதலாளி மௌலவி கடைசிவரை ஆசிரியரின் சுதந்திரத்தில் தலையிடவில்லை. அச்சகத்தை இழந்ததற்காக அவரைக் குறை சொல்லவும் இல்லை. 1912இல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதிய ராமகிருஷ்ண பிள்ளை, ஊர் திரும்பாமலே 1916இல் கண்ணூரில் இறந்தார். அப்போது வயது 37.

அடுத்த தலைமுறைக்குத் துப்பாக்கி வந்தது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த 1938இல், பொறுப்பாட்சி கேட்டுத் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் போராடிக்கொண்டிருந்தது. உள்ளூர்த் தலைவர் என்.கே. பத்மநாப பிள்ளை கைதானதைக் கேட்டு ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூட்டம் திரண்டது. ராணுவம் சுட்டது. இறந்தவர்களில் ஒருவரான ராகவனை ஊர் 'வீரராகவன்' என்று நினைவில் வைத்திருக்கிறது.

துப்பாக்கியை அல்ல, ராட்டையை எடுத்த இன்னொருவரும் இந்த ஊரோடு சேர்ந்தவர். சாந்திநிகேதனில் படித்து காந்தியிடம் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன், மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் 1947இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர். நெய்யாற்றின்கரை ஊருட்டுக்காலவில் உள்ள மாதவி மந்திரம் அவரது வீடு.

கோடு போட்ட பிறகு

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த நாள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நாலு தாலுகாக்கள் குமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்துக்குக் கிடைத்த பலன் அது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயிருந்தன. போராட்டக்காரர்கள் கேட்ட தாலுகாக்களின் பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்தோடு நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே கோடு விழுந்தது.

கோடு பெண் கொடுத்து எடுப்பதைத் தடுக்கவில்லை. சந்தையையும் தடுக்கவில்லை. தடுத்தது தண்ணீரைத்தான். நெய்யாறு பாசனத் திட்டம் மாநிலப் பிரிவினைக்கு முன்பே திட்டமிடப்பட்டது. அணை 1958இல் முடிந்தது. இடதுகரைக் கால்வாயின் கடைப்பகுதி பிரிவினையால் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டது. விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கர் அதை நம்பியிருந்தது. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது. கால்வாய் வறண்ட இடங்களில் நெல் போய் ரப்பரும் வீட்டுமனையும் வந்துவிட்டன. ஒரே ஆற்றின் பெயரைச் சொல்லி வளர்ந்த இரண்டு கரையில் ஒன்றுக்கு அது கோப்பில் உள்ள வழக்கு மட்டும்தான் என்றாகிவிட்டது.

கோட்டை லட்சியம் செய்யாத ஊர்வலமும் உண்டு. ஒவ்வொரு நவராத்திரிக்கும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி என மூன்று விக்கிரகங்கள் யானை, பல்லக்கு சகிதம் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகின்றன. சுவாதித் திருநாள் காலத்திலிருந்து வரும் வழக்கம். சரஸ்வதி விக்கிரகம் கம்பர் பூஜித்தது என்பது நம்பிக்கை. களியக்காவிளையில் தமிழ்நாட்டு அதிகாரிகள் வழியனுப்ப, கேரள போலீஸ் மரியாதையோடு வரவேற்கும். வழியில் இரவு தங்கும் இடங்களில் ஒன்று நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில்.

அந்த சரஸ்வதியின் முன் நவராத்திரி மண்டபத்தில் பாட நெடுங்காலம் ஆண்களுக்குத்தான் இடம். 2006இல் முதல் முறையாக ஒரு பெண் பாடினார். அவர் இந்த எல்லைக் கிராமத்துப் பெயரையே முன்னால் சுமந்த பாறசாலை பி. பொன்னம்மாள். அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டியிருந்தது. 2017இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2021இல் காலமானார். செம்மங்குடியின் சீடரான நெய்யாற்றின்கரை வாசுதேவனுக்கு 2004இல் அதே விருது கிடைத்தது; 2008இல் மறைந்தார்.

செங்கலில் ஒரு மலை

இன்றைய பயணிகளை உள்ளே இழுப்பது செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோயில். பழமைக்காக இங்கே யாரும் வருவதில்லை, உயரத்துக்காக வருகிறார்கள். 111 அடி உயரத்தில் நிற்கும் சிவலிங்கம், நாட்டிலேயே உயரமானது என்று 2019இல் சாதனைப் புத்தகத்தில் ஏறியது. உள்ளே குகை போன்ற பாதை சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. ஒவ்வொரு நிலையிலும் சிலைகள், உச்சியில் கைலாசம். குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வரும் வேன்கள் இப்போது நெடுஞ்சாலையிலிருந்து இந்தப் பக்கம் திரும்புகின்றன. அருவிப்புறத்தில் ஒரு சிறு கல் போதுமானதாக இருந்தது என்பதும் பார்ப்பவருக்கு நினைவு வரலாம்.

மாலைக்குப் பூவாறு. நெய்யாறு கடலில் சேருமிடத்தில் ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் அலை, நடுவே மணல் திட்டு. படகுக்காரர்களுக்குத் தமிழ் தாராளமாக வரும்.

தறிச் சத்தம் குறையும்போது

ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் காலையில் பாலராமபுரத்தில் தொடங்குவதே புத்திசாலித்தனம். தெருவில் பாவு விரிப்பது அப்போதுதான். இன்னும் சில ஆண்டுகள் கழித்து அது எத்தனை தெருவில் இருக்கும் என்பதும் நிச்சயமில்லை. நுணுக்கமான கசவுப் புடவைக்கு நாட்கணக்கில் உழைக்க வேண்டும். கையில் வரும் கூலி கட்டட வேலைக்குப் போகிறவரின் சம்பளத்தை எட்டுவதில்லை. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். விசைத்தறித் துணி லாரியில் வந்து இறங்கி, பாலராமபுரம் கைத்தறி என்ற பெயரில் பாதி விலைக்குப் போகிறது. அதில் கணிசமான பங்கு தமிழ்நாட்டிலிருந்தே வருகிறது. தமிழ் மண்ணிலிருந்து வந்த கைகளின் பிழைப்பைத் தமிழ் மண்ணின் யந்திரங்களே பறிக்கின்றன. பள்ளிச் சீருடையைக் கைத்தறியில் நெய்யும் கேரள அரசின் திட்டம் 2017 முதல் பலருக்கு வேலை கொடுத்திருக்கிறது. கூலி தாமதமாகிறது என்ற புகார் இருந்தாலும், தறி ஓடுகிறது என்ற ஆறுதல் உண்டு.

2017இல் சரக்கு-சேவை வரி வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அமரவிளையில் லாரிகள் வரிசையில் காத்துக் கிடந்த காலம் போயிற்று. வாகனங்கள் வேகமாகப் போகின்றன. வேகமாகப் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஒரு மேம்பாலமும் ஒரு பஸ் ஸ்டாண்டும்தான். இறங்கி நடப்பவர்களுக்கு ராஜா ஒளிந்த மரமும், குரு எடுத்த கல்லும், வண்டி ஓடிய சாலையும் இருக்கின்றன. வாங்கிப் போக வேண்டுமென்றால், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், சாலியர் தெருவில் தறியிலிருந்து இறங்கிய ஒரு புடவை. துணியைத் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் அது அசல்.